வெயிலில் காய்ந்த பேட்டரியும் சகாயராஜ் தாளமும்

சகாயராஜ் என்பவர் தம் எழுபத்தோர் ஆண்டு வாழ்வில் செய்ததாகச் சொல்லத்தக்க காரியம் ஒன்றே ஒன்று. அதையும் அவர் செய்யவில்லை என்று நிறுவ வேண்டிய கடமை, அவருடைய அக்காள் மகனாகிய என்மேல் விழுந்தது.

எங்கள் குடும்பப் பதிவேடு 1946ஆம் ஆண்டு தொடங்குகிறது. போர்க்காலத்தில், இன்று யாங்கூன் எனப்படும் ரங்கூன்மேல் விழுந்த குண்டுகளில் எங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவுகளும் திருமணப் பதிவுகளும் எரிந்து போயின. போர் முடிந்து திரும்பி வந்தவர்கள் தாங்கள் யாருக்குப் பிறந்தவர்கள் என்பதற்குத் தங்கள் வாய்ச்சொல்லையன்றி வேறு சான்று இல்லாமல் நின்றார்கள். அப்போதைய பங்குத்தந்தை ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஏடு வைத்துக்கொள்ள வேண்டும். ஏட்டைக் காப்பவர் கையெழுத்திட்டுத் தரும் பக்கத்தைக் கோயில் சான்றாக ஏற்றுக்கொள்ளும். எதையும் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது; தவறு தெரிந்தால் ஒற்றைக் கோடு கிழித்து, கீழே திருத்தத்தையும் தேதியையும் எழுத வேண்டும். வழக்கம் இன்றும் நடக்கிறது. 1994 முதல் எங்கள் ஏடு என் பொறுப்பில் இருக்கிறது.

அதில் என் தாய்மாமன் சகாயராஜின் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘1981ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்கு உரிய தாளத்தை இயற்றினார் (அவரே கூறியபடி).’ அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் சேர்த்தது.

அந்தத் தாளத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரிய வெள்ளியன்று கோயில் மணிகள் ஒலிப்பதில்லை. 1981க்கு முன்பு, சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும் மக்கள் ஒரு மரக்கட்டைத் தட்டின் ஒலியோடு சுற்றி வந்தார்கள். அந்த ஆண்டு, பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா முடிந்து ஊர் இன்னும் உலராத நாளில், கோயில் வளாகத்தில் முதன்முறையாகப் பெரிய ட்ரம் ஒலித்தது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, உருட்டல் இல்லை. களைத்தவன் ஒருவன் நடப்பதைப் போல் ஒரே அடி, ஒரே இடைவெளி, முதல் நிலையிலிருந்து கடைசி நிலை வரை. ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்கள் வாய் மூடியபடி அடித்தொண்டையில் நீளமாக முனக வேண்டும். பெண்கள் அழுதார்கள். பங்குத்தந்தை அழுதார். சகாயராஜ் மட்டும் அழவில்லை. யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. போட்டாதாங் படகுத்துறையில் கப்பலில் ஏறும், இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் எழுத்தர் வேலை. துறையின் மரத்தூண்களில் ஆற்றின் அலை மோதும் ஒலியிலிருந்து தாளம் தமக்குள் பிறந்ததாக அவர் சொன்னார். முனகல், சிலுவை சுமந்த ஆண்டவரின் முனகலாம். பின்னாளில் அந்த அலைகளோடு ஒரு புயலும் சேர்ந்தது; இன்னும் பின்னாளில் புயலில் மூழ்கிய படகொன்றும் சேர்ந்தது. அந்த நாளில் ரங்கூன் ஆற்றில் புயல் எதுவும் இருந்ததற்குச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மக்கள் அவரை ‘ஸயா’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். பர்மியத்தில் அது ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் உரிய மரியாதைச் சொல். இரண்டே ஆண்டுகளில் மாமா வேலையை விட்டார். “கலைஞன் மூட்டை எண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது” என்பது அவர் சொன்ன காரணம். கலைஞனுக்குச் சோறு போடும் பொறுப்பு அவர் மனைவி செசிலியாவுக்குப் போயிற்று. அத்தை ஊரின் மறுகோடியில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. பேருந்தில் தொங்கிக்கொண்டு போய், பேருந்தில் தொங்கிக்கொண்டு திரும்பி முப்பது ஆண்டுகள் வேலை செய்தார். மாமா அந்த முப்பது ஆண்டுகளையும் நாற்காலியில் செலவிட்டார். அவர் இரண்டாவது தாளம் ஒன்றை இயற்றவில்லை. இசைக்குறிப்பு படிக்கக் கற்கவில்லை. பாடகர் குழுவின் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை எட்டு ஆண்டு ஊமையாய்க் கிடந்தது. அது ஊமை என்று அவர் அறிந்திருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. ஆனால் பிறர் பாடியதையும் வாசித்ததையும் இகழ்வதில் மட்டும் ஒரு நாளும் ஓய்வு எடுத்ததில்லை.

அவருடைய தனிப்பட்ட பகை காப்பிப் பாட்டுகளோடு. அந்தக் காலத்தில் யாங்கூனில் வெளிநாட்டுப் பாட்டின் மெட்டை எடுத்துப் பர்மியச் சொற்களைப் போட்டுப் பாடுவது பெரிய வழக்கம். அதற்குப் பெயரே காப்பிப் பாட்டு. பாடியவர்கள் அதை மறைக்கவும் இல்லை. ஓர் உறவினர் திருமணத்தில் அப்படிப் பாடிய இளைஞன் ஒருவனை மாமா கைகாட்டி நிறுத்தியது எனக்கு நினைவிருக்கிறது.

“தம்பி, காப்பி அடிக்கிறவனுக்கு வாய் எதுக்கு? ஒரு ஜெராக்ஸ் மெஷினை மேடையில நிக்க வெச்சாப் போதுமே!”

பந்தியே சிரித்தது. இளைஞன் கிதாரை உறைக்குள் வைத்துவிட்டுப் போனான். மாமா அன்றைக்கு இரண்டு முறை பிரியாணி வாங்கினார்.

2024 ஜனவரியில் பங்குப் பேரவைக்கு ஒரு கடிதம் போயிற்று. பாடகர் மாடிக்கு ஏறும் படியருகே, சிலுவைப் பாதைத் தாளத்தை இயற்றிய ஸயா சகாயராஜுக்குப் பளிங்குக் கல் ஒன்று பதிக்க வேண்டுமெனப் பாடகர் குழு கேட்டுக்கொள்வதாக அதில் இருந்தது. கையெழுத்து, முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை மாமாவுடையது. பேரவை சம்மதித்தது. குடும்ப ஏட்டிலிருந்து கையெழுத்திட்ட பக்கம் வந்தால் பெரிய வெள்ளிக்கு முன் கல் பதிக்கலாம் என்று பதில் அனுப்பியது. பக்கம் போவதற்கு முன்பே மாமா கல்லை வெட்டச் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்.

“மருமகனே, அந்த ‘அவரே கூறியபடி’ங்கிறதை மட்டும் எடுத்துட்டுப் பக்கத்தைக் குடு.”

“ஏன் மாமா?”

“சாமியார் படிப்பாருல்ல? நானே சொன்னேன்னு இருந்தா வேற யாரும் சொல்லலைன்னு ஆயிடும்.”

“வேற யார் சொன்னாங்க?”

“ஊரே சொல்லுது!”

“நீங்க சொன்னதைத்தானே ஊர் சொல்லுது.”

“உங்கம்மா உயிரோட இருந்திருந்தா இந்தப் பேச்சு பேசுவியா நீ? தம்பி பேரைக் கல்லுல பார்க்கக் குடுத்து வெக்கலையே அவளுக்கு!”

என் அம்மா அவரைப் பற்றி என்ன சொல்வார் என்பது ஏட்டில் இல்லை; இங்கும் எழுதவில்லை. பக்கத்தைப் பிறகு தருவதாகச் சொல்லி அனுப்பினேன். கல்லில் ஏறும் வரி என் கையெழுத்தின் பேரில் ஏறுவதால், அதற்கு இரண்டாவது சாட்சி ஒன்றைத் தேட நினைத்தேன்.

இரண்டாவது சாட்சி என் மகள் அஞ்சலியின் கைப்பேசியில் வந்து சேர்ந்தது. இந்த ஊர் இளைஞர்களில் பாதிப் பேரைப் போல அவளும் வெளிநாடு போகும் முயற்சியில் இருக்கிறாள். செவிலியர் பயிற்சிக்காக ஜெர்மன் படிக்கிறாள். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், வகுப்பிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“டாடி, நம்ம ஊ மாரி ஜெர்மன்காரனுங்களோட சேந்து ட்ரம் அடிக்கிறாரு!”

“என்ன உளறுற?”

“கேளுங்க. ஆனா ஒண்ணு, சிலுவைப் பாதையில நடப்பாருல்ல? இதுல ஓடுறாரு.”

ஊ மாரி என்று அவள் சொன்னது மாரிச்சாமியை; ‘ஊ’ என்பது பர்மியத்தில் மூத்த ஆண்களின் பெயருக்கு முன் வரும் மரியாதைச் சொல். 1981 முதல் இன்று வரை அந்தப் பெரிய ட்ரம்மைச் சுமந்து அடிப்பவர் அவர். இந்து, அம்மன் கோயில் மேளக்குழுவில் இருந்தவர். இரண்டு மணி நேரம் வேகம் மாறாமல் அடிக்கக்கூடிய கை எங்கள் பாடகர் குழுவில் யாருக்கும் இல்லாததால் அந்த ஆண்டு இரவல் வாங்கப்பட்டு, திருப்பித் தரப்படாமலே போனவர்.

கைப்பேசியில் இருந்தது ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மன் ராக் இசைத்தட்டு ஒன்று. அதற்குப் பின் வந்த எத்தனையோ குழுக்கள் அதன் ட்ரம்மின் மேல்தான் நடக்கின்றன என்று ஆசிரியை வகுப்பில் சொன்னாராம். போருக்குப் பிறகு பிறந்த ஜெர்மன் பிள்ளைகள், அமெரிக்கனையும் ஆங்கிலேயனையும் பார்த்து வாசிப்பது இழிவு, யாருக்கும் கடன்படாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து செய்ததாம்.

பத்து நிமிடம் கேட்டேன். பூட்டிய தொழிற்சாலைக்குள் ஓர் இயந்திரத்தை நிறுத்த மறந்துவிட்டுப் போனதைப் போல இருந்தது. கிதார் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறது. பாட்டு தொடங்கப் போகிறது என்று காத்திருந்தால் முடிந்துவிடுகிறது. இதைக் கேட்டு உலகம் மாறியது என்றால் உலகத்துக்கு வேறு வேலை இருக்கவில்லை என்று பொருள். ஆயினும் யாரையும் காப்பியடிக்க மாட்டோம் என்ற அந்தப் பிடிவாதத்தை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. ட்ரம்மை நான் அறிந்திருந்தேன். நாற்பத்து மூன்று பெரிய வெள்ளிகளாக அதன் பின்னால் நடந்திருக்கிறேன். வேகம் மட்டும் ஒத்து வரவில்லை.

ஒத்த சாயல் சான்றாகாது. பசுந்தாங்கில் கால்வாயை ஒட்டிய சந்தில், மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் மாரிச்சாமியின் பட்டறைக்குப் போனேன். கைப்பேசியைக் காதில் வைத்துக் கேட்டவர், கையிலிருந்த கம்பியைக் கீழே வைக்காமலே தலையாட்டினார்.

“ஆமா, இதுதான். டேப்புல போட்டுக் காட்டினாரு ஸயா.”

“எந்த டேப்?”

“அவரு வாசிச்ச டேப்பு. கப்பல்காரங்ககூட உக்காந்து வாசிச்சாராம். அவங்க பதிஞ்சு குடுத்தாங்களாம்.”

“நீங்க நம்புனீங்களா அண்ணே?”

“குச்சியை எப்படிப் பிடிக்கணும்னு ஸயா என்கிட்டத்தான் கேட்டாரு. அதனால கொஞ்சம் யோசனையாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் இத்தனை வருஷம் சொல்லலை?”

“யாரும் கேக்கலையே.”

வேகம் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டேன். என்னை ஏதோ நேற்றுப் பிறந்தவனைப் போலப் பார்த்தார்.

“அந்தக் காலத்துல பேட்டரி எங்க கெடைச்சுது? தீந்துபோனதை வெயில்ல காய வெச்சு வெச்சுத் திரும்பப் போடுவோம். ரெண்டு நாள் உயிர் இருக்கும். அதுல டேப்பு பாடாது தம்பி, ஊர்ந்து போகும். நான் ஊர்ந்ததைத்தான் படிச்சேன்.”

டேப் என்ன ஆயிற்று என்று அடுத்துக் கேட்டேன். பாடம் முடிந்ததும் கால்வாயில் எறிந்துவிடச் சொல்லிச் சகாயராஜ் உத்தரவிட்டிருந்தார். மாரிச்சாமி எறியவில்லை. மறுபக்கம் காலியாக இருந்ததாம். காலி டேப் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். அம்மன் பாட்டு பதிந்துகொண்டாராம். பிஸ்கட் டப்பாவில், மோட்டார் உதிரிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். டேப்பின்மேல் ஒட்டிய சீட்டிலிருந்த பழைய எழுத்து பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. அதன்மேல் நீல மையில், மாமாவின் கையெழுத்தில், ‘ச. ராஜ் — சொந்தம்’ என்று எழுதியிருந்தது.

ஒருவரைப் பற்றிய பதிவை மாற்றுவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும். மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை நண்பகல், நானும் அஞ்சலியும் மாரிச்சாமியும் தின்கன்ஜூன் பகுதியில் மாமாவின் வீட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினோம். மாரிச்சாமி ஒரு பழைய டேப் ரெக்கார்டரைப் பழுது பார்த்துத் தூக்கி வந்திருந்தார். மின்சாரம் வந்தால் தானாகவே பேட்டரியிலிருந்து மாறிக்கொள்ளும்படி உள்ளே கம்பி இணைத்திருந்தார். இன்றைய யாங்கூனில் அப்படி மாற்றாத கருவி எதற்கும் உதவாது. பேட்டரிகள் டார்ச்சில் போட்டுத் தீர்த்தவை. அப்படிப்பட்டவைதான் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன்.

மின்சாரம் இல்லை. மாமா பனியனோடு நாற்காலியில் அமர்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். சுவரில் சாய்த்திருந்த கல்லின்மேல் பூப்போட்ட போர்வை ஒன்று போர்த்தியிருந்தது. அதை விலக்கிக் காட்டினார். ‘சிலுவைப் பாதையின் திருத்தாளத்தை ஆற்றலைகளிடமிருந்து பெற்று இயற்றியருளிய இசைமேதை ஸயா சகாயராஜ்’. ‘இயற்றியருளிய’ என்ற சொல்லை எங்கள் ஏட்டில் புனிதர்களுக்குக்கூட யாரும் பயன்படுத்தியதில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். அஞ்சலி கைப்பேசியை முடுக்கினாள். மாமா ஒரு நிமிடம் கேட்டார். அட்டை விசிறி நிற்கவில்லை.

“இது என்ன, சைக்கா பந்தயமா?” என்றார். எங்கள் தெருக்களில் ஓடும் மூன்று சக்கர மிதிவண்டிக்குச் சைக்கா என்று பெயர். “நான் பண்ணினது ஆண்டவர் சிலுவையைத் தூக்கிக்கிட்டு நடக்கிறது. இது பஸ்ஸை விட்டுட்டு ஓடுறவன். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ற காதை முதல்ல டாக்டர்கிட்டக் காட்டு மருமகனே.”

“உங்க டேப்பையும் கேட்டுடலாம் மாமா.”

“எந்த டேப்பு?”

மாரிச்சாமி பையிலிருந்து எடுத்து நீட்டினார். மாமாவின் கையில் விசிறி நின்றது.

“இதைக் கால்வாயில போடச் சொன்னேனேடா!”

“அம்மன் பாட்டு இருக்குங்களே ஸயா. எப்படிப் போடுறது?”

சீட்டிலிருந்த எழுத்தைக் காட்டி இது உங்களுடையதுதானே என்று கேட்டேன். மாமா ஒரு கணம் யோசித்தார். ஒப்புக்கொண்டு ஒதுங்க அப்போது அவருக்கு வழி இருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்னுதுதான். நான் வாசிச்சதுதான். போடு, எல்லாரும் கேக்கட்டும்.”

மாரிச்சாமி பிளக்கைச் சுவரில் செருகினார். “ஒரு மணிக்கு இந்தப் பக்கத்துக்குக் கரண்டு முறை வரும்” என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு டேப்பை முடுக்கினார்.

தீர்ந்த பேட்டரியில் டேப் ஊர்ந்தது. தும்… தும்… தும்… பெரிய வெள்ளி அந்த அறைக்குள் வந்து நின்றது. கிதார், ஆற்றின் அடியிலிருந்து வருவதைப் போல உறுமியது. பிறகு அந்த முனகல் எழுந்தது. நீளமாக, ஆழமாக, வலி தாங்காதவன் முனகுவதைப் போல. எனக்கே முதுகு சிலிர்த்தது என்பதை மறைக்கப் போவதில்லை. மாமாவின் கண்களில் நீர் கோத்தது.

“கேட்டியா? இதான். இதான்டா நான்!”

“முனகுறதும் நீங்கதானா ஸயா?” என்று மாரிச்சாமி பணிவாகக் கேட்டார்.

“நானேதான். வேற யாரு? அன்னிக்கு ஆண்டவரே என் தொண்டையில இருந்தாரு.”

அப்போது தெருவெங்கும் கூச்சல் எழுந்தது. “மீ லா பி!” மின்சாரம் வரும்போதெல்லாம் இந்த ஊரின் அடுக்குமாடிகள் ஒரே குரலில் கத்தும் கத்தல் அது. மேலே மின்விசிறி சுழன்றது. குழல்விளக்கு இமைத்தது. டேப் ஒரு முறை விக்கியது. பிறகு ஓடத் தொடங்கியது.

தும் தும் தும் தும். ட்ரம் ஓடியது, கிதார் ஓடியது. ஆண்டவரின் முனகல் அப்படியே மேலே மேலே ஏறி, இருபது வயது இளைஞன் ஒருவனின் உற்சாகமான குரலாக மாறி, ஜெர்மனில் பாடியது. அஞ்சலி தன் கைப்பேசியையும் முடுக்கிப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஓடின.

“தாத்தா, எவ்வளவு நல்லா ஜெர்மன் பேசுறீங்க!” என்றாள். “எனக்குப் பாடம் எடுத்திருக்கலாமே. வகுப்புக்குப் போயிருக்கவே வேண்டாம்.”

“என்ன சொல்றான் அவன்?” என்றார் மாரிச்சாமி.

அவள் காதைச் சாய்த்தாள். “குளிருதாம். கோட்டை எங்கயோ வெச்சு மறந்துட்டானாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்றான்.”

நாற்பத்து மூன்று ஆண்டுகளாக எங்கள் பங்கின் ஆண்கள் கண்ணீரோடு முனகி வந்தது, ஓர் அயலூர் வாலிபனின் தொலைந்துபோன கோட்டுக்காக.

மாமா எழுந்து டேப்பை நிறுத்தினார். எழுத்தர் வேலையில் ஒரு மூட்டை குறைந்தால் எப்படி நின்றிருப்பாரோ அப்படிச் சிறிது நேரம் நின்றார். இந்த மனிதர் வெட்கப்படப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவரை நான் இன்னும் சரியாகக் கணிக்கவில்லை.

“சரி. டேப்பு ஒரு ஜெர்மன் கப்பல்காரன் குடுத்தது. ஒரு கட்டு சுருட்டுக்குக் குடுத்தான். இருக்கட்டுமே! அவன் ஓட விட்டான், நான் நடக்க விட்டேன். மெதுவாக்கினது யாரு? நான்தானே? அந்த மெதுவுதான் கலை. அது என்னோடது.”

சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தார். அவர் வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கையில் மீன் செதிள் ஒட்டியிருந்தது.

“மெதுவாக்கினது பேட்டரி” என்றார். “அந்தப் பேட்டரியையும் வெயில்ல காய வெச்சது நான். காலையில பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி பால்கனியில பரப்பிட்டுப் போவேன், சாயங்காலம் வந்து பொறுக்குவேன். உங்களை ஒரு நாள் பார்த்துக்கச் சொன்னேன். மழையில நனைய விட்டீங்க.”

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

மாமா மாரிச்சாமியின் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. “மாரி, நீயாவது சொல்லு. வேணும்னா உன் பேரையும் கீழ சின்னதாப் போட்டுடலாம்.”

“கல்லுல எடம் ஏதுங்க ஸயா? உங்க பட்டமே மூணு வரி ஓடுது.”

கடைசியாக என்னிடம் வந்தார். “நீ என்ன எழுதப் போற?”

“நடந்ததை மாமா.”

“குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“ஏட்டுல அதுக்குத் தனிப் பக்கம் இல்லை.”

பழைய வரிமேல் ஒற்றைக் கோடு கிழித்தேன். அதன்கீழ் எழுதியது: ‘1981க்கு முன் ஜெர்மன் மாலுமி ஒருவரிடமிருந்து ராக் இசைத்தட்டு ஒன்றின் டேப் பிரதியைப் பெற்றார். 1981இல் அது வலுவற்ற பேட்டரிகளில் ஓடியதைக் கேட்டு, சிலுவைப் பாதைக்கு அந்தத் தாளத்தை மாரிச்சாமி அடித்தார். பேட்டரிகளைக் காய வைத்தவர் செசிலியா. 3.3.2024 அன்று நால்வர் முன்னிலையில் சோதித்து அறியப்பட்டது.’ கையெழுத்திட்டுப் பக்கத்தைக் கோயிலுக்கு அனுப்பினேன். பங்குத்தந்தை இரண்டு முறை படித்ததாகவும், இரண்டாம் முறை எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்ததாகவும் கோயில் பணியாளர் சொன்னார். கல் வேண்டாம் என்று பேரவை ஒரே வரியில் பதில் எழுதியது.

கல் மாமா வீட்டுச் சமையலறைக்குப் போயிற்று. அத்தை அதன்மேல் மீன் ஆய்கிறார். எழுத்துள்ள பக்கத்தைக் கீழே வைக்கச் சொல்லி மாமா கெஞ்சினாராம். வழுக்காமல் இருக்க எழுத்துள்ள பக்கமே நல்லது என்று அத்தை சொல்லிவிட்டார். சென்ற வாரம் பார்த்தபோது ‘இசைமேதை’யின் குழிகளில் நெத்திலிச் செதிள் நிறைந்திருந்தது.

பெரிய வெள்ளி மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. மரக்கட்டைத் தட்டுக்கே திரும்பிவிடலாமா என்று பங்குத்தந்தை யோசித்தார். ஆனால் கட்டையைத் தட்டி நடத்தத் தெரிந்தவர்கள் கல்லறைக்குப் போய்விட்டார்கள். வேறு தாளம் எதுவும் யாருக்கும் தெரியாது. “எனக்கும் இது ஒண்ணுதான் சாமி தெரியும்” என்றார் மாரிச்சாமி. ஆகவே ஜெர்மன்காரர்களின் ட்ரம் அந்த ஆண்டும் எங்கள் வளாகத்தைச் சுற்றியது. முனகல் வந்த இடத்தில் முன்வரிசை இளைஞர்கள் சிலர் குனிந்து கைக்குட்டையைத் தேடினார்கள். அஞ்சலி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கமாட்டாள். பெண்கள் வழக்கம் போல் அழுதார்கள். எதற்காக அழுதார்கள் என்று எழுத எனக்குச் சான்று இல்லை.

சகாயராஜ் வந்திருந்தார். வராமல் இருப்பார் என்று நினைத்தவர்கள் அவரை அறியாதவர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் புது லுங்கியுமாகக் கடைசி வரிசையில் என் பக்கத்தில் நடந்தார். ஒன்பதாம் நிலை வரை வாய் திறக்கவில்லை. ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்த இடத்தில் என் முழங்கையைத் தொட்டார்.

“மாரி அவசரப்படுறான், மருமகனே. வேகம் ஜாஸ்தி. என் தாளத்தைக் கெடுக்கிறான். எழுதிக்கோ.”

எழுதியிருக்கிறேன்.